டிரேட்மார்க் வக்கீல் தேர்வு: செயற்குழுவின் நிலைப்பாடு

வணிகக் குறி (டிரேட்மார்க்) ஒன்றைப் பதிவு செய்ய அதன் உரிமையாளர் தாமே விண்ணப்பிக்கலாம். தாம் செய்ய இயலாதபோது யார் மூலம் செய்யலாம் என்பதை 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 145ஆவது பிரிவு சொல்கிறது: வக்கீல், பதிவு பெற்ற டிரேட்மார்க் ஏஜென்ட், உரிமையாளரிடம் மட்டுமே நிலையாக வேலை பார்க்கும் ஊழியர். இந்த மூவரைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை. ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவர், லேபிள் அடித்துத் தரும் அச்சகம், உத்யம் சான்று எடுத்துக் கொடுக்கும் கணினி மையம் ஆகியோருக்கு அந்தத் தொழிலால் மட்டும் இந்தத் தகுதி வந்துவிடாது. திண்டுக்கல் மாவட்டத்தில் செம்பட்டி, சின்னாளபட்டி, ஆத்தூர் பக்கம் டிரேட்மார்க் வேலை பெரும்பாலும் இவர்கள் கை வழியாகத்தான் போகிறது. கையெழுத்திடும் வக்கீல் யார் என்பது பல வணிகர்களுக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

நம் வணிகர் சங்க உறுப்பினர்கள் அனைவரின் டிரேட்மார்க் வேலைகளையும் சலுகைக் கட்டணத்தில் ஒரே அலுவலகத்திடம் ஒப்படைக்கலாம் என்ற தீர்மான வரைவு பொதுக்குழுவுக்கு வந்தது. அதுபற்றிச் செயற்குழுவின் பெரும்பான்மைக் கருத்து இது: சங்கம் எந்த ஒரு வக்கீலையும், ஏஜென்டையும், அலுவலகத்தையும் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைக்காது, யாரிடமிருந்தும் அதற்கான கழிவோ நன்கொடையோ பெறாது. சலுகைக் கட்டணம் சிறு வணிகர்களுக்கு உதவியாக இருந்திருக்கும் என்று சில உறுப்பினர்கள் கருதுகிறார்கள். அந்தக் கருத்தும் பதிவு செய்யப்படுகிறது.

ஒரே அலுவலகம் என்ற யோசனையை ஏற்காததற்கு முதல் காரணம் வெளிப்படையானது. சங்கத்தில் மசாலாப் பொடி அரைப்பவர்கள் பலர். செக்கு எண்ணெய், ஊறுகாய், திராட்சை, பேக்கரி என்று எந்தச் சரக்கை எடுத்தாலும் அதை விற்பவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். இருவர் பெயர்கள் ஒன்றுபோல் ஒலித்தால் ஒருவர் மற்றவரை எதிர்த்தாக வேண்டும். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வக்கீல் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. இருவர் ஆவணமும் ஒரே மேஜையில் இருந்தால், உரசல் வரும் நாளில் ஒருவராவது வக்கீல் இல்லாமல் நிற்பார். ஆகவே வேலையைக் கொடுக்கும் முன்பே, இதே சரக்கில், இதே வட்டாரத்தில் வேறு யாருக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார் என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். வாடிக்கையாளர் விவரம் ரகசியம் என்று ஒரு வக்கீல் சொன்னால் அது நியாயமே. ஆனால் முரண் இருக்கிறதா இல்லையா என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல அவர் கடமைப்பட்டவர்.

இரண்டாவது காரணம் காலக்கெடு: அது தவறினால் குறியே போய்விடும், அதைக் கவனிக்கும் பொறுப்பை ஒரே அலுவலகத்திடம் மொத்தமாக விட முடியாது. செயற்குழு மிகுந்த நேரம் செலவிட்டது இதில்தான்.

விண்ணப்பம் போட்ட பிறகு டிரேட்மார்க் பதிவகம் ஆய்வறிக்கை அனுப்புகிறது. அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். ஏற்கப்பட்ட குறி டிரேட்மார்க் ஜர்னலில் வெளியாகிறது. அதிலிருந்து நான்கு மாதங்களுக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். எதிர்ப்பு மனுவின் நகல் வந்து சேர்ந்த இரண்டு மாதங்களுக்குள் எதிர்வாதவுரை தாக்கல் செய்தே ஆக வேண்டும். இந்த இரண்டு மாதம் சட்டத்திலேயே எழுதப்பட்ட கெடு. பதிவாளர் நினைத்தாலும் நீட்ட முடியாது. ஒரு நாள் தவறினாலும் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிறது. குறி நல்லதா, பழையதா, எதிர்ப்பில் நியாயம் உண்டா என்ற கேள்வியே அதன் பிறகு எழாது.

இந்தக் கடிதங்கள் வணிகரின் கடைக்கு வருவதில்லை. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவகம் மின்னஞ்சலிலேயே அனுப்பலாம். அது போய்ச் சேர்வது விண்ணப்பத்தில் கொடுத்த சேவை முகவரிக்கு, அதாவது ஏஜென்டின் முகவரிக்கு. அது சட்டப்படி சரி. சரியில்லாதது வேறு: விண்ணப்பதாரரின் சொந்த மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் எழுத வேண்டிய இடத்திலும் ஏஜென்ட் தம்முடையதையே எழுதிவிடுவது. வணிகருக்கு மின்னஞ்சல் பார்க்கத் தெரியாது என்று காரணம் சொல்லப்படுகிறது. இது ஏற்க முடியாத காரணம். செம்பட்டியில் கடை வைத்திருப்பவர் ஜிஎஸ்டிக்கும் வங்கிக்கும் மின்னஞ்சலில் பதில் அனுப்புகிறார். தமது பெயர் பறிபோகும் செய்தியை மட்டும் அவரால் படிக்க முடியாதா? பணம் வாங்கும்போது கடைக்கே வந்து கையெழுத்து வாங்கிப் போனவர், எதிர்ப்பு மனு வந்தபோது ஒரு போன் செய்யவில்லை என்றால் அதைக் கவனக்குறைவு என்ற மென்மையான சொல்லால் மூடுவதற்குச் செயற்குழு தயாராக இல்லை.

தவறு எப்போதும் ஏஜென்டிடம் மட்டுமே இருப்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் பதிவகம் பெருந்தொகையான விண்ணப்பங்களை ஒரே வீச்சில் கைவிடப்பட்டவையாக அறிவித்தது. அறிவிப்பே கிடைக்கவில்லை என்று பலர் முறையிட, அடுத்த மாதமே டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கையை நிறுத்தி வைத்தது. பதிவகமே தவறக்கூடும் என்னும்போது, வக்கீலின் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

எனவே வக்காலத்திலும் அதிகாரப் பத்திரத்திலும் கையெழுத்திடும் முன், கீழ்க்கண்டவற்றுக்கு ஒப்புக்கொள்பவரிடம் மட்டுமே வேலையைக் கொடுக்குமாறு செயற்குழு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறது. விண்ணப்பதாரரின் சொந்த மின்னஞ்சலும் எண்ணும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். தாக்கல் செய்த அன்றே விண்ணப்ப எண்ணும், முழு விண்ணப்பத்தின் நகலும், கட்டண ரசீதும் தரப்பட வேண்டும். பதிவகத்திலிருந்து எது வந்தாலும் மூன்று நாளுக்குள் அதன் நகலும் கடைசித் தேதியும் எழுத்தில் வர வேண்டும். விண்ணப்ப எண் கையில் இருந்தால் அதன் நிலையைப் பதிவகத்தின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். எண்ணைத் தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேசுவதற்கு ஒன்றுமில்லை.

காலக்கெடுவுக்கு அடுத்து, பயன்பாட்டுத் தேதி. விண்ணப்பத்தில் குறி எந்த நாளிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பழைய தேதியைச் சொன்னால் அதற்குப் பிரமாணப் பத்திரமும் ஆதாரங்களும் இணைக்க வேண்டும்: பழைய பில் புத்தகம், லேபிள் அச்சடித்த ரசீது, விளம்பரம், உரிமங்கள். இந்த வேலையைத் தவிர்க்க, இருபது ஆண்டாக விற்கும் கடைக்குக்கூட 'இனிமேல் பயன்படுத்த உள்ளது' என்று குறித்து விண்ணப்பத்தை அனுப்பிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. அரை மணி நேர வேலை மிச்சமாகிறது. தந்தை காலத்து உழைப்பு பதிவேட்டில் இல்லாமல் போகிறது. பிறகு அதைத் திருத்துவது கடினம்.

அந்தத் தேதியின் மதிப்பு என்ன என்பதற்குத் திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு போதும். அந்தப் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்ட எதிர்த்தரப்பும் பதிவு பெற்றிருந்தது. ஆனாலும் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், முதலில் பயன்படுத்தியவரின் உரிமை பதிவால் வரும் உரிமையைவிட மேலானது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் 34ஆவது பிரிவும் முன்பயனாளரைக் காக்கிறது. முதலில் தொடங்கியவருக்குச் சட்டம் இவ்வளவு பலம் கொடுத்திருக்க, அவரது வக்கீலே அந்தப் பலத்தைக் கழற்றி வைத்துவிட்டு விண்ணப்பம் போடுவது எந்த வகையில் சேவை? பழைய பில்களைக் கேட்டு வாங்காமல் விண்ணப்பம் தயார் என்று சொல்லும் வக்கீலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

விண்ணப்பதாரர் பெயர் குறித்தும் ஒரு எச்சரிக்கை. கூட்டு வியாபாரத்தில் குறி யாருடையது என்பதைக் கூட்டாளிகள் அனைவரையும் வைத்துக் கேட்டபின் எழுதுபவரே பொறுப்பான வக்கீல். கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் பெயரில் போட்டுவிட்டால், பாகப்பிரிவினையின்போது பெயர்ப்பலகையும் வழக்காகிவிடும்.

தேடிப் பார்த்துவிட்டு 'இந்தப் பெயர் கிடைக்காது' என்று சொல்லும் துணிவு நல்ல வக்கீலின் அடையாளம். சரக்கின் தன்மையையோ தரத்தையோ ஊரையோ மட்டும் சொல்லும் சொற்களை 9ஆவது பிரிவு தடுக்கிறது. 'மேஜிக் மசாலா' என்ற சொற்களுக்காக ஐடிசி நிறுவனம் நெஸ்லே மீது தொடுத்த வழக்கை 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவை சரக்கைப் புகழும் பொதுச் சொற்கள் என்றது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கிடைக்காததை, 'சுத்தமான செக்கு எண்ணெய்' என்ற பெயருக்கு வாங்கித் தருவதாக வாக்குக் கொடுப்பவரை நம்ப வேண்டியதில்லை. தனித்தன்மை உள்ள பெயருக்கும் காவல் தேவைப்படும். திண்டுக்கல்லில் 1957இல் ஆனந்த விலாஸ் என்று தொடங்கிய பிரியாணி ஓட்டல், தலப்பாக்கட்டி என்ற பெயருக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. ஆகவே பதிவுச் சான்றோடு தம் வேலை முடிந்தது என்பவரைவிட, ஜர்னலைத் தொடர்ந்து பார்த்து ஒத்த பெயர்கள் வந்தால் சொல்பவரே மேல். பதிவு பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. அதற்கு எந்த வரம்பும் இல்லை.

புவிசார் குறியீடு வேறு சட்டம், வேறு பதிவேடு. அதன் பதிவகமும் சென்னையில்தான் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் சிறுமலை வாழை, விருப்பாட்சி வாழை, திண்டுக்கல் பூட்டு, பழனி பஞ்சாமிர்தம் ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. பூட்டுக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் அது கிடைத்தது 2019இல். இக்குறியீடு தனி ஒருவரின் சொத்து அல்ல. விற்கவோ மாற்றித் தரவோ முடியாது. அதைச் சட்டப்படி பயன்படுத்த விரும்பும் உற்பத்தியாளர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். சிறுமலை என்ற பெயரை ஒரே கடைக்கு உரிமையாக்கித் தருகிறேன் என்பவருக்கு இந்தச் சட்டம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே பேசுகிறார்.

வக்கீல் சென்னையில்தான் இருக்க வேண்டுமா என்பது அடிக்கடி கேட்கப்படுகிறது. விண்ணப்பங்கள் இணையவழியில் போகின்றன. ஹியரிங்குகளும் காணொலியில் நடக்கின்றன. அந்த அளவில் ஊர் ஒரு பொருட்டல்ல. வழக்கு என்று வந்தால் நிலைமை வேறு. பதிவு பெற்ற குறியை மீறியவர்மீது, வழக்குத் தொடுப்பவர் தொழில் நடத்தும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம் என்று 134ஆவது பிரிவு அனுமதிக்கிறது. திண்டுக்கல்லில் வழக்கு நடத்த முடியும். சென்னையில் இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டு, அதன் வேலை உயர் நீதிமன்றங்களுக்குப் போனது. ஆகவே விண்ணப்பம் மட்டும் போடுபவரா, சாட்சி விசாரித்து வழக்கும் நடத்துபவரா என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஏஜென்ட் நீதிமன்றத்தில் வாதாட முடியாது.

காப்புரிமை ஏஜென்டாவதற்கான தகுதித் தேர்வு தனி. அதை எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். புதிய வடிவமைப்பைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன்பே பதிய வேண்டும். பூட்டுத் தொழிலில் உள்ளவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்கவும். லேபிள் வரைந்தவரிடம் பதிப்புரிமை மாற்றத்தை எழுத்தில் வாங்கி வைக்கவும்.

கட்டணம் பற்றிச் செயற்குழுவில் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. அரசுக் கட்டணம், இணையவழியில் ஒரு வகுப்புக்குத் தனிநபர், சிறு நிறுவனங்களுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். சிறு நிறுவனச் சலுகைக்கு உத்யம் சான்று உதவும். இதற்கு மேல் வாங்குவது வக்கீலின் ஊதியம். இரண்டையும் பிரித்து எழுதிய ரசீது கேட்க வேண்டும். ஊதியம் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று சங்கம் சொல்வது முறையாகாது. மிகக் குறைந்த ஊதியத்துக்கு மேற்சொன்ன கவனம் கிடைக்குமா என்பது அவரவர் யோசிக்க வேண்டியது. வழக்கின் வெற்றியில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிகளுக்கு எதிரானது. இணையத்தில் நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்தும் பட்டியல்களையும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். வக்கீல்கள் இணையத் தளங்கள் மூலம் தொழில் தேடுவதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஏற்கெனவே வேலை கொடுத்த வணிகரிடம் அவருடைய விண்ணப்ப எண்ணைக் கேட்டு, நிலையைப் பார்ப்பதே நம்பகமான விசாரணை.

ஏற்கெனவே விண்ணப்பம் கொடுத்திருக்கும் உறுப்பினர்கள் இந்த வாரத்திலேயே எண்ணை வாங்கி நிலையைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். எதிர்ப்பு மனு வந்திருப்பது தெரிந்தால் அன்றே வேறு வக்கீலைக் கலந்துகொள்ளலாம். புதிய அதிகாரப் பத்திரம் தாக்கல் செய்து ஏஜென்டை மாற்றச் சட்டத்தில் தடையில்லை. கட்டண பாக்கியைக் காரணம் காட்டிக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய பில் புத்தகங்களைக் கேட்டும் திரும்பக் கிடைக்காதவர்கள் எழுத்து மூலம் ஒருமுறை கேட்டுவிட்டு, வக்கீலாக இருந்தால் மாநில பார் கவுன்சிலிடம் புகார் கொடுக்கலாம். புகார் எழுத உதவி வேண்டுவோர், ரசீதும் விண்ணப்ப நகலும் எடுத்துக்கொண்டு சங்கச் செயலாளரை அணுகலாம்.