அணைத்தால் மட்டும் போதுமா?

எங்காவது காட்டுத்தீ என்று செய்தி வந்தால் போதும், "ஒரு பொறியையும் விடக்கூடாது, கண்டவுடன் அணைக்க வேண்டும்" என்ற பதிவுகள் குவிகின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உறவுகளே, இதே கோஷத்தை ஐக்கிய அமெரிக்கா பல தசாப்தங்கள் நடைமுறைப்படுத்திப் பார்த்துவிட்டது. அந்த வரலாற்றைப் படித்துவிட்டுப் பேசுவோம்.

1910 கோடையில் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் கடும் வரட்சி. மின்னலாலும் ரயில் இயந்திரப் பொறிகளாலும் பற்றிய ஏராளமான சிறு தீகள், ஓகஸ்ட் 20 அன்று வீசிய பலத்த காற்றில் ஒன்றாகின. இரண்டே நாட்களில் சுமார் 30 இலட்சம் ஏக்கர் எரிந்தது. ஏறத்தாழ 85 பேர் மாண்டார்கள். பெரும்பாலானோர் தீயணைக்கப் போன தொழிலாளர்கள். எட் புலாஸ்கி என்ற வன அலுவலர், 40க்கும் மேற்பட்டோரை ஒரு சுரங்கத்துக்குள் கொண்டுபோய் அநேகரைக் காப்பாற்றினார்.

வனச் சேவைக்கு அப்போது ஐந்து வயதுதான். "ஆளும் பணமும் இருந்திருந்தால் வென்றிருப்போம்" என்பதே அது எடுத்த பாடம். காவல் கோபுரங்களும் பாதைகளும் தொலைபேசிக் கம்பிகளும் வந்தன. அவை தேவையானவையே. தவறு அதற்கு அப்பால் நடந்தது. 1910இல் அந்தப் பிராந்தியத்தில் கடமையாற்றிய பேர்டினண்ட் சில்காக்ஸ், 1935இல் வனச் சேவையின் தலைவராக இருந்து ஓர் உத்தரவிட்டார்: எந்தத் தீயும் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்தப்பட வேண்டும்.

சிறு தீ மூட்டிச் சருகை எரித்துக் காட்டைப் பேணிய பழங்குடியினரின் அறிவு கேலி செய்யப்பட்டது. தடித்த பட்டை கொண்ட பொண்டெரோசா பைன் போன்ற மரங்கள் சிறு தீயைத் தாங்கி வளர்பவை. அந்தத் தீயையும் தடுத்ததால் சருகும் சிறுமரங்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தன. பின்னர் பற்றிய தீ, பெரிய மரங்களின் உச்சிவரை ஏறியது. 1978இல் அந்த உத்தரவைக் கைவிட்டார்கள்.

"அப்படியானால் வீடுகள் எரியட்டும் என்கிறீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. ஊருக்கு அருகில் வரும் தீயை அணைத்தே ஆக வேண்டும். கவனயீனமாகத் தீ வைப்பவனுக்கு வக்காலத்து வாங்கவும் இல்லை. தீ வந்த பின் ஓடுவதை மட்டும் தடுப்பு என்று சொல்லாதீர்கள் என்கிறோம். சருகை அகற்றுவதும், தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், தகுந்த காலத்தில் கண்காணிப்புடன் எரிப்பதும், காட்டோடு வாழ்பவர்களிடம் கேட்பதும் தடுப்புத்தான்.

எமது பிள்ளைகளுக்கு ஒரு சுலோகத்தை மனனம் செய்யக் கொடுப்பது இலகு. அந்த 85 பேரும் ஏன் இறந்தார்கள், அதற்குப் பின் எடுத்த முடிவு ஏன் பிழைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம்.