படிக்காதவர்களின் கோபம்

ஒரு நாவல் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை வாசகனுக்கு உண்டு. அதைக் குப்பை என்று சொல்லலாம். பாதியில் மூடி வைக்கலாம். எழுதியவனுக்கு எழுதவே வரவில்லை என்று பத்திரிகைக்குக் கடிதம் போடலாம். கதை எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட எவனும் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள நியாயமில்லை. இந்த உரிமைகளுக்கெல்லாம் ஒரே ஒரு சிறிய நிபந்தனைதான்: அந்த நாவலை அவன் படித்திருக்க வேண்டும்.

மதத்தை நிந்தித்துவிட்டான் என்று எழுத்தாளன்மீது ஆயுதம் ஓங்குகிறவர்களிடம் இந்த நிபந்தனையை வைத்துப் பாருங்கள்.

எகிப்தின் நகீப் மஹ்ஃபூஸ் 1959ஆம் ஆண்டு அல்-அஹ்ராம் பத்திரிகையில் ஒரு தொடர்கதை எழுதினார். கெய்ரோவில் ஒரு சந்து; அதில் வாழ்கிற சில தலைமுறைகள்; இதுதான் கதை. அந்தச் சந்து மனிதர்களிடம் தீர்க்கதரிசிகளின் சாயல் தெரிகிறதென்று மத பண்டிதர்கள் ஆட்சேபித்தார்கள். அது புத்தகமானது 1967இல், பெய்ரூட் நகரத்தில். 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1994 அக்டோபரில், 82 வயதுக் கிழவரான அவருடைய கழுத்தில் ஒரு வாலிபன் கத்தியைச் செருகினான். உயிர் தப்பிற்று, ஆனால் எழுதுகிற கையின் நரம்பு கெட்டது. மணிக்கணக்காக எழுதிய அந்தக் கை, பிறகு சில நிமிஷங்களுக்குமேல் பேனா பிடிக்கவே சிரமப்பட்டது. குத்தியவன் அந்த நாவலைப் படித்தவன் அல்லன்.

அதே கெய்ரோவில் 1992 ஜூனில் ஃபரஜ் ஃபோதா என்ற எழுத்தாளரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய எந்தப் புத்தகத்தைப் படித்து இந்த முடிவுக்கு வந்தாய் என்று கேட்டதற்கு, தனக்கு எழுதப் படிக்கவே தெரியாது என்று கொலையாளி சொன்னதாகச் செய்தி.

சல்மான் ருஷ்டியின் 'சாட்டானிக் வெர்சஸ்' 1988 செப்டம்பரில் பிரிட்டனில் வெளியாயிற்று. அடுத்த மாதமே நம் இந்திய சர்க்கார் அதன் இறக்குமதியைத் தடுத்துவிட்டது. (2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அந்தத் தடை ஆணையைக் காட்டச் சொன்னபோது அதிகாரிகளுக்கு அது கிடைக்கவில்லை. படிக்காத புத்தகத்துக்குக் காணாமற்போன ஆணை!) 1989 பிப்ரவரியில் ஈரானின் கொமேனி மரண தண்டனை விதித்தார். 1991 ஜூலையில் அதை ஜப்பானிய மொழியில் பெயர்த்த ஹிதோஷி இகராஷி கொலையுண்டார். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு மேடையில் ருஷ்டியைக் குத்தி ஒரு கண்ணைப் பறித்தவனுக்கு வயது 24. நாவல் வெளிவந்தபோது அவன் பிறக்கவே இல்லை. இரண்டு பக்கம்போல் படித்திருப்பதாக அவனே பேட்டி கொடுத்தான்.

"சரி, படித்துவிட்டுக் குத்தினால் தேவலையா?" என்று கேட்பீர்கள். ஒருபோதும் இல்லை. இந்த விவரத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் வேறு. புத்தகத்தால் மனம் புண்பட வேண்டுமானால் புத்தகத்தைத் திறக்க வேண்டும். திறக்காதவனின் புண் இரவல் புண். யாரோ ஒருவர் மேடையில் நின்று, "உன்னைப் புண்படுத்திவிட்டான்" என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்கிறவர் பாமரர் அல்லர். ஃபோதா கொலை வழக்கில், மதத்தைத் துறந்தவனைக் கொன்றவனுக்கு மார்க்கத்தில் தண்டனை இல்லை என்று சாட்சி சொன்னவர் பெயர்பெற்ற அறிஞர். 2011 ஜனவரியில் பாகிஸ்தானின் பஞ்சாப் கவர்னர் சல்மான் தசீர், மதநிந்தனைச் சட்டத்தைக் குறை சொன்னதற்காக, தம் மெய்க்காவலனாலேயே சுடப்பட்டு இறந்தார். நீதிமன்றத்துக்கு வந்த கொலைகாரன்மேல் ரோஜா இதழ்களைத் தூவியவர்கள் வக்கீல்கள்!

"அவர்கள் மதமே அப்படித்தான்" என்று இதைப் படிக்கிற யாருக்காவது உள்ளூர ஒரு திருப்தி உண்டாகுமானால், அவரைத் திருச்செங்கோட்டுக்கு அழைக்கிறேன். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. நாலு வருஷம் அது யாரையும் புண்படுத்தவில்லை. 2014 டிசம்பரில் அதன் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊரில் உலவியபோது திடீரென்று எல்லார் மனமும் புண்ணாயிற்று. 2015 ஜனவரியில் அந்த எழுத்தாளர் தம்மைத் தாமே இறந்துவிட்டதாக அறிவித்துக்கொண்டார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை மீண்டும் எழுதச் சொல்ல வேண்டியிருந்தது. அண்டை மாநிலத்தில், விக்கிரக வழிபாட்டைப் பற்றிப் பேசி எதிர்ப்புக்கு ஆளாகியிருந்த கல்புர்கி, 2015 ஆகஸ்டில் தம் வீட்டிலேயே சுடப்பட்டு இறந்தார். இரவல் புண்ணுக்கு மதபேதம் கிடையாது.

ஆனால் என் வழக்கு கத்தி பிடித்தவனோடு அல்ல. அவனைக் கவனிக்கப் போலீசும் நீதிமன்றமும் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் செய்தியைப் படித்துவிட்டு, "கொலை தப்புதான், இருந்தாலும் கொஞ்சம் பக்குவமாக எழுதியிருக்கலாமே" என்று சொல்லுகிற நல்ல மனிதர்களோடுதான் என் வழக்கு. அவர்கள் நாவல் படிக்கிறவர்கள். எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்கள்.

ஐயா, பக்குவம் யாருக்குத் தெரியும்? படிக்கிறவனுக்குத் தெரியும். படிக்காமலே குத்துகிறவனுக்கு நயமான வரியும் ஒன்றுதான், காரமான வரியும் ஒன்றுதான். மஹ்ஃபூஸ் பக்குவமாகத்தான் எழுதினார். சந்துக் கதையாகவே எழுதினார். அந்தப் பக்குவம் அவர் கையைக் காப்பாற்றியதா?

"நெருப்பில் கை வைத்தால் சுடும் என்று தெரியாதா?" என்கிறார்கள். நெருப்புக்கு யோசிக்கத் தெரியாது. மனிதன் கத்தியை வாங்குகிறான், பிரயாணம் செய்கிறான், காத்திருக்கிறான். ஒவ்வொரு நொடியிலும் திரும்பிப் போய்விட அவனால் முடியும். பக்திமான்களை யோசனையற்ற நெருப்பாக நினைத்து ஒதுங்கிப்போவதுதான் மரியாதையா? அதே மதத்தில் பிறந்து, அதே செய்தியைக் கேட்டு, மனம் வருந்தி, தொழுதுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போன கோடிக்கணக்கான ஜனங்களை இதைவிட அவமதிக்க முடியாது.

வருந்துகிறவரின் வருத்தத்தை நான் மறுக்கவில்லை. வருத்தத்துக்குப் பேனா இருக்கிறது. மஹ்ஃபூஸ், ருஷ்டியின் நாவலைக் குறை சொன்னவர். அப்படியிருந்தும் கொமேனியின் ஆணையை வெளிப்படையாகக் கண்டித்தார். இரண்டையும் ஒருசேரச் செய்ய ஒரு மனிதனுக்கு முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

"ஏன் எழுத வேண்டும்?" என்ற கேள்வி குத்துப்பட்டவனோடு நிற்பதில்லை. அடுத்த ஊரில் பேனாவைத் திறக்கிற இன்னொருவன் காதிலும் அது விழுகிறது. அவன் திறந்த பேனாவை மூடிவிடுகிறான். பிறகு, பத்திரிகைக் கதைகளில் சாரமே இல்லை என்று குறைப்படுகிறவரும் நீங்களேதான்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்; வராது என்று சொல்ல எனக்கு ஆசை, தைரியம் இல்லை. அப்போது, எழுதியவனின் பக்குவத்தைப் பற்றிப் பேசுமுன், அந்தப் புத்தகத்தை நாம் படித்தோமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால், முதலில் அதை வாங்கிப் படியுங்கள். பிடிக்காவிட்டால் எழுதியவனைத் தாராளமாகத் திட்டுங்கள். திட்டு வாங்குவது எங்கள் தொழிலில் சேர்ந்தது; குத்து வாங்குவது சேர்ந்ததல்ல.