கல்பாசிக்கு டிஎன்ஏ மட்டும் போதுமா?

பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் லைக்கன்களின் சிற்றினங்களைப் பிரித்தறிய இனி டிஎன்ஏ போதும், உருவம் பார்ப்பது பழங்கதை என்கிறது ஒரு வாதம். குண்டடத்து மளிகைக் கடையில் கிடைக்கும் கல்பாசிப் பொட்டலமே அதற்கு இடைஞ்சல். கல்பாசியும் லைக்கன்தான், இந்தியச் சந்தையில் அது பெரும்பாலும் பல சிற்றினங்களின் கலவை. பார்மோட்ரீமா பெர்லேட்டத்தின் மடல் விளிம்பில் மாவுத்துகளும் கறுப்பு இழைகளும் இருக்கும். பார்மோட்ரீமா டிங்க்டோரத்தில் இழைகள் இல்லை. மேற்பரப்பில் நுண்முளைகள் நிற்கும். அதன் வெள்ளை உட்பகுதியில் ஒரு சொட்டு பிளீச்சிங் கரைசல் விட்டால் சிவக்கும், பெர்லேட்டம் சிவக்காது. இதற்கு ஆய்வகம் எதற்கு?

மரபணு வென்ற இடமும் உண்டு. அமெரிக்க வெப்பமண்டலத்தின் கோரா லைக்கன் வெகுகாலம் ஒரே சிற்றினமாக எண்ணப்பட்டது. 2014இல் வெளியான ஆய்வு அதில் 126 சிற்றினங்களைக் கண்டது. ஆனால் டிஎன்ஏ வரிசை காட்டிய பிரிவுகளுக்கு உருவ வேறுபாடுகளும் மறுபார்வையில் தென்பட்டன. பார்க்கத் தவறியது கண், உருவம் அல்ல.

வட அமெரிக்கப் பிரையோரியா லைக்கனில் கதை தலைகீழ். பழுப்பு வகையைப் பழங்குடிகள் உண்டனர். மஞ்சள் வகை நச்சு. இரண்டிலும் முதன்மைப் பூஞ்சையின் மரபணு ஒன்றே. நச்சுவகையில் ஒரு ஈஸ்ட் மிகுந்திருப்பதை 2016இல் டோபி ஸ்ப்ரிபில் குழு காட்டியது. பூஞ்சை வரிசையை மட்டும் நம்பியவருக்கு இரண்டும் ஒரே உணவு!

டிஎன்ஏ தரவுத்தளத்தில் உள்ள வரிசைக்குப் பெயர் வைத்ததும் உருவம் பார்த்த யாரோ ஒருவர்தான். அவர் தவறு செய்திருந்தால் வரிசையும் பிழையான பெயரையே சொல்லும்.