கடனுக்கு மூன்றாண்டு, காலுக்கு ஆறு மாதம்!

தோழா!

மேடையில் நாடகம் போடுகிறவன் நான் என்பது உனக்குத் தெரியும். இந்த ஞாயிறு, மேடையும் திரையும் இல்லாமல், இந்தத் தாளிலேயே ஒரு காட்சியை நடத்திக் காட்டுகிறேன். கற்பனைக் காட்சிதான். ஆயினும், படித்து முடித்த பிறகு, ‘இது வெறும் கற்பனை’ என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல உன்னால் முடிகிறதா, பார்!

இடம்: ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனை, விபத்துப் பிரிவு. காலம்: விபத்து நடந்த மூன்றாம் நாள். கட்டிலில் கிடக்கிறாள் பூ விற்கும் ஒருத்தி. விடியுமுன் கூடையைத் தூக்கிக்கொண்டு பூச்சந்தைக்குச் சாலையோரமாக நடந்து சென்றவள். பின்னால் வந்தது ஒரு கார். ஓட்டியவரின் ஒரு கை ஸ்டீயரிங்கில். மறு கையிலே கைப்பேசி. கண் இருக்கவேண்டிய இடம் சாலை. இருந்த இடமோ, அப்போதுதான் வந்து விழுந்த ஒரு செய்தி. கூடை ஒருபுறம், பூ ஒருபுறம், அவள் ஒருபுறம். வலது கால், முழங்காலுக்குக் கீழே இப்போது இல்லை.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், கையில் கோப்புடன் நுழைகிறார்.

“அக்கா, நான் உங்க தம்பி மாதிரி. ஒரே ஒரு கையெழுத்துப் போடுங்க. மத்ததையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்.”

“எதுக்குத் தம்பி கையெழுத்து?”

“வக்காலத்து அக்கா. உங்களுக்குக் காலணாச் செலவு கிடையாது. வர்ற பணத்துல பாதி உங்களுக்கு.”

“மீதிப் பாதி?”

“அது... கோர்ட்டுச் செலவு அக்கா.”

“எனக்குக் கையெழுத்துப் போட வராதே தம்பி!”

“அதனால என்ன அக்கா? மைப்பெட்டி கொண்டுவந்திருக்கேன்!”

திரை விழட்டும்.

மைப்பெட்டி கொண்டுவந்திருக்கிறாராம்! வெட்டுண்ட காலில் கட்டு உலரவில்லை. அதற்குள் கட்டை விரலில் மை தடவ ஆள் வந்தாயிற்று. வெற்றியைப் பொறுத்துக் கூலி பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் வழக்கறிஞர்களுக்கு இந்திய பார் கவுன்சிலின் விதி தடை செய்திருக்கிறது. விதி புத்தகத்தில் இருக்கிறது; தரகர் கட்டிலருகே இருக்கிறார். நான் கேட்பது இதுதான்: தரகர் வரத் தெரிந்த இடத்திற்கு, அரசாங்கத்தின் சட்ட உதவிக்கு ஏன் வரத் தெரியவில்லை?

ஒருத்தியின் கதை என்று எண்ணிவிடாதே. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. மாண்டோர் 1,68,491 பேர். காயமுற்றோர் 4,43,366 பேர். கணக்குச் சொன்னது எதிர்க்கட்சியன்று. மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105! முதலிடம் என்றால் முரசு கொட்டுவோமே, இந்த முதலிடத்தை எந்த மேடையில் சொல்வது?

இவற்றில் கைப்பேசியின் கைவரிசை எவ்வளவு? 2021ஆம் ஆண்டில் 1,997 விபத்துகள், 1,040 சாவுகள் என்கிறது அரசுக் கணக்கு. அந்த ஆண்டு நடந்த மொத்த விபத்துகளோ நான்கு இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லையாம்! நம்புகிறாயா? இன்று மாலை நாற்சந்தியில் பத்து நிமிடம் நின்று பார், பிறகு சொல். கணக்கில் ஏன் இத்தனை குறைவு? முதல் தகவல் அறிக்கையை எடுத்துப் படி. “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து” என்ற ஒரே வாய்பாடு! குடித்தவனுக்கும் அதுதான், தூங்கியவனுக்கும் அதுதான், கைப்பேசியில் களித்தவனுக்கும் அதுதான். அஜாக்கிரதை என்பது எழுதப்படுகிறது. அந்த அஜாக்கிரதைக்குக் காரணமான கருவி எழுதப்படுவதில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, மூன்றே வினாடியில் 50 மீட்டர் ஓடிவிடும். ‘யார் அனுப்பியது?’ என்று குனிந்து பார்க்கிற நேரம் அந்த மூன்று வினாடிதான். அந்த 50 மீட்டரும் வண்டியை ஓட்டுவது யார்? ஒருவருமில்லை! ஓட்டுநர் இருக்கையிலே ஆள் இருந்தும், ஓட்டுநர் இல்லாத வண்டி அது.

‘காலே போய்விட்டது, கைப்பேசி என்று எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன?’ என்று கேட்பாய். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். வழக்கு தீர்ப்பாயத்துக்கு வந்ததும், இன்சூரன்ஸ் கம்பெனி எழுந்து நிற்கும். “இந்தப் பெண்தான் குறுக்கே வந்தாள், பாதிக் குற்றம் இவளுடையது, பாதித் தொகையைக் குறைத்திடுக!” என்று வாதிடும். அந்த வாதத்தின் முகத்திலே அறையத்தக்க சான்று எது? அந்த நிமிடத்தில் அவர் கைப்பேசி பேசிக்கொண்டிருந்தது என்று காட்டும் அழைப்புப் பதிவு! மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையாள்வதை ஆபத்தான ஓட்டுதல் என்றே குறித்துத் தண்டிக்கிறது. ஆவணங்களை வரவழைக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. குற்ற வழக்கைப் போல ஐயத்திற்கு அப்பாற்பட்டு நிறுவ வேண்டும் என்பதும் இல்லை. நடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று காட்டினாலே போதும். வழி இருக்கிறது, தோழா! ஆனால், ‘பதிவை வரவழையுங்கள்’ என்று கேட்க ஒரு வாய் வேண்டுமே! பூக்காரிக்கு அந்த வாய் யார்?

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். சட்டக் கல்லூரியின் வாசற்படியை மிதித்ததில்லை. ஆயினும் இந்தச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டும் சிறுவனைப் போல வரிவரியாய்ப் படித்தேன். ஓரிடத்தில் கண் நின்றுவிட்டது.

1939ஆம் ஆண்டுச் சட்டத்தில், இழப்பீடு கேட்க ஆறு மாதக் கெடு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுக்கலாம். அது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே ஆறு மாதம். காரணம் காட்டினால் பன்னிரண்டு மாதம் வரை. பிறகு நாடாளுமன்றத்துக்கே மனம் இரங்கியது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கெடுவையே எடுத்துவிட்டனர். இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. 2019இல் ஒரு திருத்தம் வந்தது. எடுத்த கெடுவை மீண்டும் கொண்டுவந்து நட்டனர். ஆறே மாதம்! தாமதத்தைப் பொறுக்கலாம் என்ற சொல்லும் இல்லை. 2022 ஏப்ரல் முதல் நாளன்று அது நடப்புக்கு வந்தது. முட்டாள்கள் தினம் என்று நகைக்கிறாயா? நகைப்பதற்கில்லை, ஏமாற்றப்பட்டவர்கள் எழுந்து நடக்கவும் இயலாதவர்கள்.

பக்கத்துத் தெருக்காரருக்குப் பத்தாயிரம் கடன் கொடுத்தாயா? திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுக்க 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் உனக்கு மூன்றாண்டு தருகிறது. அதே தெருவில் காலை இழந்தாயா? ஆறு மாதம்! கொடுத்த பணத்திற்கு மூன்றாண்டு. கொடுக்காமலே பறிக்கப்பட்ட காலுக்கு ஆறு மாதம்! எந்த நாட்டு நீதி இது? எந்தத் தராசில் நிறுத்த எடை இது?

‘அப்படியில்லை, காவல்துறையே மூன்று மாதத்திற்குள் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்ப வேண்டும், அந்த அறிக்கையையே மனுவாகக் கொள்ளலாம்’ என்று விளக்கம் தருகின்றனர். ஏட்டிலே இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த ஏற்பாட்டை எல்லா மாநிலங்களும் செயற்படுத்த வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றமே விரிவான கட்டளைகள் பிறப்பிக்க நேர்ந்தது. ஒழுங்காய் நடந்துகொண்டிருந்தால், கட்டளை எதற்கு? அறிக்கை அனுப்பாத குற்றம் அலுவலருடையது. கதவடைப்பு மட்டும் காலிழந்தவளுக்கா?

‘பொய் வழக்குகள் பெருகிவிட்டன, அதனால்தான் கெடு’ என்பார் இன்னொருவர். பொய் வழக்குப் போடுவோர் உண்டு. பிடியுங்கள், தண்டியுங்கள், கைதட்டுகிறோம். அதற்காக உண்மையாய் ஊனமுற்றோரையும் சேர்த்துத் துரத்துவதா? கள்ள நோட்டு அடிப்பவன் இருக்கிறான் என்பதற்காக, எல்லோர் கையிலுள்ள நோட்டும் செல்லாது என்று யாராவது சொல்வார்களா? ஓ, 2016இல் அதையும் சொன்னவர்கள் அல்லவா அவர்கள்! மறந்தே போனேன்.

2025 நவம்பரில் உச்சநீதிமன்றம், ‘கெடு கடந்தது என்ற காரணத்தால் மனுக்களைத் தள்ளிவிடக் கூடாது’ என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. வாழ்த்தி வரவேற்கிறோம். ஆனால், இடைக்கால ஆணை என்பது மழைக்குப் பிடித்த குடை. அது கூரை ஆகாது. நாடாளுமன்றம் எழுதிய வரியை நாடாளுமன்றமே அடிக்க வேண்டும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது, கேள். யார் குற்றம் என்று நிறுவாமலே, சாவுக்கு 5 இலட்சமும் கொடுங்காயத்திற்கு இரண்டரை இலட்சமும் பெற 164ஆம் பிரிவு வழி செய்கிறது. நல்லதுதானே என்பாய். கம்பெனி நீட்டும் அந்தத் தொகையை உடன்பாட்டு முறையில் ஏற்றுக்கொண்டால், முழு இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும்! பசியோடு இருப்பவள் முன்னே பழையசோற்றை வைத்து, ‘இதை உண்டால் உன் நிலம் எங்களுக்கு’ என்பதுபோல இல்லையா இது? அவளுக்கு உரியது எவ்வளவு என்று யார் எடுத்துச் சொல்வது? மருத்துவர் எழுதும் ஊன விழுக்காடு வேறு, பிழைப்பில் நேர்ந்த இழப்பு வேறு என்று 2010இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இடக்கை இழந்த அரசு எழுத்தர் வேலையில் நீடிக்கலாம்; இடக்கை இழந்த தச்சருக்கு ஏறக்குறைய நூற்றுக்கு நூறும் போயிற்று என்பது அத்தீர்ப்பு காட்டிய வழி. அப்படியானால், நடந்து நடந்து பூ விற்றவளின் காலுக்கு என்ன கணக்கு? அதைப் போட்டுக் காட்ட ஒரு வழக்கறிஞர் வேண்டும். பாதியைக் கேட்காத வழக்கறிஞர் வேண்டும்!

அந்த வழக்கறிஞரைத் தருவதாக அரசியல் சட்டம் வாக்களித்திருக்கிறது, தோழா. பொருளில்லாத காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்கிறது 39அ உறுப்பு; 1976இல் சேர்த்தார்கள். 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றினார்கள். அதை நடப்புக்குக் கொண்டுவர 1995 நவம்பர் ஆயிற்று. ஏழைக்கான சட்டம் எழுந்து நடக்கவே எட்டாண்டு. ஏழைக்கு வைத்த கெடு மட்டும் ஆறு மாதம்!

அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண் என்ற ஒன்றே போதும். வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. பூக்காரிக்கு அந்த உரிமை கட்டிலில் கிடந்தபோதே இருந்தது! அவளிடம் சொன்னவர் எவருமில்லை. அவளிடத்தில் அவள் கணவன் அடிபட்டிருந்தால்? வருமான வரம்பைக் காட்ட வேண்டும்; அல்லது ஊனமுற்றோர் என்பதற்குச் சான்று வேண்டும்; சான்றோ சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகுதான் வரும். வெள்ளத்தால் நலிந்தவர், வறட்சியால் நலிந்தவர், நிலநடுக்கத்தால் நலிந்தவர் என்று அந்தப் பிரிவு பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறது. நாள்தோறும் 460 பேருக்கு மேல் மாளும் சாலைக்கு மட்டும் அந்தப் பட்டியலில் பெயரில்லை. நிலம் நடுங்கினால் உதவி. சாலையில் நசுங்கினால் சான்றிதழ்!

2021 டிசம்பரில் தமிழக அரசு, விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லா மருத்துவம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2025 மே மாதத்தில் மத்திய அரசும், ஏழு நாள்வரை ஒன்றரை இலட்ச ரூபாய்க்குக் கட்டணமில்லா மருத்துவம் என்று அறிவித்தது. உயிருக்கு 48 மணி நேரம் என்று கணக்கிட முடிந்தவர்களால், உரிமைக்கு ஒரு 48 மணி நேரம் குறிக்க முடியாதா? விபத்து நடந்த 48 மணி நேரத்திற்குள் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் கட்டிலருகே வந்து நிற்கட்டும். முதல் தகவல் அறிக்கையில், ஓட்டியவர் கையில் கைப்பேசி இருந்ததா என்று ஒரு கேள்வி கட்டாயமாக்கப்படட்டும். அழைப்புப் பதிவு அழியுமுன் எடுத்து வைக்கப்படட்டும். ஆறு மாதக் கெடு அழிக்கப்படட்டும். 12ஆம் பிரிவில் சாலை விபத்து என்ற சொல் சேர்க்கப்படட்டும். அரண்மனை கேட்கவில்லை நாம். நாலு வரி கேட்கிறோம்.

இறுதியாக ஒன்று, உனக்கே, எனக்கே. மாற்றாரைச் சாடுவது எளிது. சென்ற மாதம் ஓர் ஊர்ப் பொதுக்கூட்டத்துக்கு வேனில் சென்றோம். கொடி பறந்தது, கொள்கைப் பாட்டு ஒலித்தது. ஓட்டிய தோழரோ, ‘இதோ வந்துவிட்டோம்’ என்று மாவட்டத்துக்குக் கைப்பேசியில் சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்றைய பேச்சுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்! ஏழைக்காகப் பேசப் போகும் வழியில் ஓர் ஏழையின் காலை எடுத்திருந்தால், எந்த ஒலிபெருக்கி என் குரலைத் தாங்கும்? அன்று முதல் ஒரு முடிவு செய்தேன்: கையிலே கைப்பேசியோடு ஓட்டுகிறவர் எத்தனை பெரிய பொறுப்பாளரானாலும், அந்த வண்டியில் நான் ஏறுவதில்லை. நீயும் அப்படியே செய்.

இன்னும் ஒரு வேலை உனக்கு. உன் தெருவில், உன் ஊரில், விபத்தில் அடிபட்டுப் படுத்திருப்பவர் வீட்டுக்கு நாளைக் காலை போ. 15100 என்ற எண்ணை அங்கிருந்தே அழை. அது தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண். நீதிமன்ற வளாகத்திலிருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அவரைச் சேர்ந்தவரை அழைத்துச் செல். விபத்து எந்த ஊரில் நடந்திருந்தாலும், தாம் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம் என்று சொல். மைப்பெட்டிக்காரர் வருவதற்கு முன்னே நீ போய்ச் சேர்.

பூக்காரியின் கட்டை விரல் இன்னும் மை படாமல் இருக்கிறது, தோழா. புறப்படு!