ஒரு பல்லுக்காக இரண்டு பற்களா?

கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டால் அந்த இடத்தில் பல் கட்டப் பலரும் நாடுவது பிரிட்ஜ். இடைவெளிக்கு இருபுறமும் உள்ள பற்களைச் சுற்றிலும் சீவிச் சிறிதாக்கி, அவற்றின் மேல் கேப் மாட்டி, நடுவில் பொய்ப்பல்லைத் தாங்க வைப்பார்கள். கழற்றி மாட்டும் தொல்லை இல்லை. வேலையும் விரைவில் முடியும். பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே சொத்தையாகி, எப்படியும் கேப் போட வேண்டியவை என்றால் இது நல்ல வைத்தியம். குறையே இல்லாத பற்களைச் சீவுவதோ கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

எனாமல் ஒருமுறை போனால் மீண்டும் வளராது. முழு கேப்புக்காகச் சீவும்போது ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் பாதிக்கு மேல் போய்விடலாம். சீவிய பற்கள் சிலவற்றில் பின்னாளில் நரம்பு செத்து, வேர் சிகிச்சை தேவைப்படுகிறது. பிரிட்ஜும் ஆயுளுக்கும் நிற்பதில்லை. 10, 15 ஆண்டுகளில் மாற்ற வேண்டி வருவது சகஜம். கேப்பின் விளிம்பில் சொத்தை புகுந்தால் தாங்கி நின்ற பல்லையே இழக்க நேரும். அப்போது ஒரு பல் அளவு இருந்த பள்ளம் இரண்டு, மூன்று பல் அளவுக்கு விரியும்.

பிரிட்ஜுக்கு மாற்று, தாடை எலும்பில் திருகு பதித்து அதன் மேல் பல் கட்டும் இம்ப்ளான்ட். அது எல்லோருக்கும் கட்டுப்படியாகுமா என்று கேட்பது நியாயமே. தாடை எலும்பு தேய்ந்தவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் அது எளிதும் அல்ல. ஆனால் வழிகள் இந்த இரண்டோடு முடிவதில்லை. முன்பல் என்றால், 1980களில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவான முறைப்படி, பக்கத்துப் பல்லை அதிகம் சீவாமல் அதன் பின்புறத்தில் ஒட்டியே பல் கட்டலாம். கழற்றி மாட்டும் பல்லும் உண்டு. கடைக்கோடிப் பல் என்றால் கட்டாமலே விடுவதும் ஒரு வழி. முன்பற்களும் சிறு கடைவாய்ப் பற்களும் சரியாக இருந்தால் பலருக்கு மெல்ல அவையே போதும் என்று 1981இலேயே நெதர்லாந்து ஆய்வு காட்டியது. 1989இல் ஜப்பான் தொடங்கிய இயக்கத்தின் இலக்கும் 80 வயதில் 20 சொந்தப் பற்கள்தான். இடைவெளியை விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும் என்பார்கள். சிலருக்கு அப்படி நடப்பது உண்மை. ஆண்டுதோறும் காட்டிவந்தால் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஆகவே, சீவும் முன் தாங்கப்போகும் இரு பற்களின் எக்ஸ்ரேயையும் மருத்துவர் நோயாளிக்குக் காட்ட வேண்டும். எல்லா வழிகளையும் செலவோடு சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும். பிரிட்ஜை நாளைக்கும் கட்டலாம். சீவிய பல்லைத் திரும்பப் பெற முடியாது.