சீட் இறங்கும், பிறகு ஏறுமா?

"மனே, இஞ்ச மலை எங்க இரிக்கி? உனக்கு என்னத்துக்கு மவுண்டன் பைக், அதில பட்டன அமத்தினா இறங்குற சீட்டு?" இந்தக் கேள்வியைக் கேட்காத பெரியவர் எங்கட ஊரில இல்லை. அவருக்கு ஒரு பதில் இருக்கு. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுக் கைதட்டப்போகிற எங்கட பொடியன்களோடயும் பெட்டைகளோடயும் எங்களுக்கு ஒரு சண்டை இருக்கு. ரெண்டையும் இங்கேயே முடித்துக்கொள்வோம்.

முதல்ல பெரியவருக்கு. செங்கலடிச் சந்தியில இருந்து மேற்கே போகிற ஏ5 வீதி கரடியனாறு, மகா ஓயா, பிபிலை தாண்டி லுணுகலை, பசறை, பதுளை என்று ஏறுகிறது. மலைக்குப் போகிற வீதி எங்கட மாவட்டத்தில்தான் வந்து முடியுது. லுணுகலைக்கு மேல தேயிலைத் தோட்டப் பாதையில ஒருக்கா சைக்கிளை இறக்கிப் பார்த்தவருக்கு விளங்கும். மிதிக்கும்போது சீட் உயர இருக்க வேணும், கால் கிட்டத்தட்ட நிமிர வேணும். இல்லாவிட்டால் முழங்கால் போயிடும். சரிவில் இறங்கும்போது அதே சீட் வயிற்றில் குத்தும், உடம்பைப் பின்னுக்குக் கொண்டுபோக விடாது. ட்ரொப்பர் சீட்போஸ்ட் செய்யிற வேலை அவ்வளவுதான். கான்டிலுக்குப் பக்கத்தில் உள்ள லீவரை அமத்திக்கொண்டு உட்கார்ந்தால் சீட் இறங்கும். எழும்பிக்கொண்டு அமத்தினால் ஏறும். இறங்கி நின்று கிளம்பைக் கழட்டத் தேவையில்லை. மலையே வேண்டாம், படுவான்கரையில் மணல் ஒழுங்கைக்குள்ள ரயர் புதையும்போது கால் நிலத்தில் படுகிற உயரத்துக்குச் சீட் வந்தால் விழாமல் தப்பலாம். ஆகவே இது வெறும் ஸ்டைல் இல்லை.

இனி எங்கட ஆக்களுக்கு. எந்தப் போஸ்ட் நம்பகமானது என்று யூரியூப்பில் தேடுறீங்க. அங்க ஒருத்தர் கனடாக் காட்டுக்குள்ள, இன்னொருத்தர் இங்கிலாந்துச் சேற்றுக்குள்ள ஓடிப்போட்டு அஞ்சில நாலு நட்சத்திரம் குடுக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் பழுதானால் பெட்டியில் போட்டு சேவிஸ் சென்ரருக்கு அனுப்புவார், திரும்பி வரும். ஆரையம்பதியில இருந்து நீங்க எங்க அனுப்பப்போறீங்க? பேர்போன போஸ்ட் ஒன்றின் விலைக்கு இங்க ஒரு புது லுமாலா சைக்கிளே வந்திடும். அந்தக் காசைக் குடுத்து வாங்கின சாமான் ஒரு ரப்பர் வளையம் கிழிந்ததுக்காக மூலையில் கிடந்தால், அதுக்கு நட்சத்திரம் குடுத்தவர் வந்து பதில் சொல்ல மாட்டார். நாங்கள் சொல்லுவது இதுதான்: வாவிக்கு இந்தப் பக்கம் திறந்து திருத்த ஏலாத போஸ்ட், எவ்வளவு நல்ல போஸ்ட் என்றாலும், எங்களுக்கு நம்பகமான போஸ்ட் இல்லை.

எங்கட எதிரி சேறு இல்லை, உப்பு. கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருக்கிற நிலத்தில் காற்றே உப்பு. ஐப்பசி, கார்த்திகையில வெள்ளம் வந்தால் வாவித் தண்ணிக்குள்ளாலதான் சைக்கிள் உருட்டுவோம். அலுமினியப் போஸ்ட், இரும்புச் சட்டம், இடையில் உப்புத் தண்ணி, மூன்றும் சேர்ந்தால் சின்னப் பற்றரி மாதிரி. அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும், அந்தப் பொடி கூடுதல் இடம் பிடிக்கும், போஸ்ட் சட்டத்தோட இறுகிவிடும். பிறகு சுத்தியலாலயும் அசையாது. 2022ல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, வீட்டுக்குப் பின்னால சாத்திக் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. பலதில் சீட் மட்டும் வரவில்லை! சாதாரணப் போஸ்ட்டுக்கே இந்தக் கதி என்றால், ஒன்றுக்குள்ள ஒன்று ஓடுகிற ரெண்டு குழாயும், சீலும், கேபிளும் உள்ளதுக்கு என்ன நடக்கும் என்று யோசியுங்க.

இன்னொரு விசயம், எந்த வெளிநாட்டு ரிவியூவிலயும் வராதது. மண்டூர்–குருமண்வெளிப் பாதையில (றோட்டைச் சொல்லவில்லை, தண்ணியைக் கடக்கிற பாதையை) சைக்கிளை ஏற்றினவர்களுக்குத் தெரியும், ஒரு கை கான்டில், ஒரு கை சீட், தூக்கி வைக்கிறதுதான் எங்கட பழக்கம். எண்ணெயில் வேலை செய்கிற சில ஹைட்ரோலிக் போஸ்ட்களை இறக்கின நிலையில் சீட்டில் பிடித்துத் தூக்கினால் எண்ணெய்க்குள்ள காற்றுப் போய்ச் சேரும். பிறகு உட்கார்ந்தால் சீட் மெத்தை மாதிரி அமுங்கும். ரொக் ஷொக்ஸ் கம்பனியின் ரிவேர்ப் 2010ல் வந்து உலகம் முழுக்கப் பேர் எடுத்த போஸ்ட். அதுக்கே இந்த வருத்தம் இருந்தது. பிந்திய மொடல்களில் காற்றை வெளியே விடுகிறதுக்கு கம்பனியே ஒரு வால்வு வைக்க வேண்டி வந்தது. வயரே இல்லாமல் பற்றரியில் ஓடுகிறதும் இப்ப வந்திருக்கு. அதைப் பற்றிப் பேச எங்களுக்குப் பொறுமையும் இல்லை, காசும் இல்லை.

அப்ப எதை எடுக்கிறது? கேபிளில் இழுபடுகிறதை எடுங்க. கேபிள் துருப்பிடிக்கும், அறும், அது நிச்சயம். ஆனால் உள்வயர் கியர் வயர்தான், ஊர்ச் சைக்கிள் கடையிலயே மாற்றலாம். உள்ளுக்குள்ள இருக்கிற காற்று அடைத்த காட்ரிஜ் தனியாகக் கழன்று, தனியாக வாங்கக் கிடைக்க வேணும். பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கிற பிளாஸ்ரிக் புஷ்களும் அப்படித்தான். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த கிராவிட்டி ட்ரொப்பர் என்ற போஸ்ட்டில் ஒரு ஸ்பிரிங், ஒரு பின், மேல மூட ஒரு ரப்பர் உறை, அவ்வளவுதான். பார்க்க அழகில்லை என்று சிரித்தார்கள். எங்கட உப்புத் தூசிக்கு அந்த ரப்பர் உறையை நினைத்தால் இப்பவும் ஆசையாக இருக்கு.

வாங்க முதல் சட்டத்தின் குழாயை அளக்கவும். ட்ரொப்பர்களில் பெரும்பாலானவை 30.9 அல்லது 31.6 மில்லிமீற்றர், 27.2ல் கொஞ்சம் உண்டு. குழாய் பெரிசு, போஸ்ட் சின்னன் என்றால் இடையில் ஒரு தகட்டுக் குழல் போட்டுச் சமாளிக்கலாம். மறுவளமாக ஏலாது. இங்க ஓடுகிற மலிவான இரும்புச் சட்டங்கள் பலதுக்குள்ள 27.2உம் போகாது. வயர் உள்ளால போக ஓட்டையும் இருக்காது, ஆகவே வெளியால வயர் போகிற வகைதான் சரி. பூட்டின பிறகு கிளம்பை முறுக்கித் தள்ளாதீங்க. கூட இறுக்கினால் வெளிக்குழாய் நெரிந்து சீட் ஏற மறுக்கும், போஸ்ட் பழுது என்று நினைப்பீங்க.

இதெல்லாம் உங்கட சட்டத்துக்குப் பொருந்தாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1984ல் ஜோ பிரீஸ், ஜோஷ் ஏஞ்சல் என்ற ரெண்டு பேர் ஹைட் ரைட் என்ற சாமானைக் கொண்டு வந்தார்கள். கையால திறக்கிற கிளம்புக்கும் போஸ்ட்டுக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங், வேற ஒன்றுமில்லை. கிளம்பைத் திறந்து உட்கார்ந்தால் இறங்கும், எழும்பினால் ஸ்பிரிங் தூக்கும். அந்த ஸ்பிரிங் இல்லாட்டியும் பரவாயில்லை. கையால திறக்கிற கிளம்ப் ஒன்றைப் போட்டு, போஸ்ட்டில் ஏறுகிற உயரத்துக்கு ஒரு கோடு, இறங்குகிற உயரத்துக்கு ஒரு கோடு கீறி, கிறீஸ் பூசி விடுங்க. மட்டக்களப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு ஓட்டத்துக்கு இது காணும்.

கடைசியாக, இந்தப் போஸ்ட்களை ஓன்லைனில் இறக்கி, வாட்ஸப்பில் படம் போட்டு "ஓட்டோ சீட்" என்று விற்கிற அண்ணன்மாருக்கு. உங்கட வியாபாரத்தைக் கெடுக்க நாங்கள் வரவில்லை. பத்துப் போஸ்ட் இறக்கும்போது ரெண்டு காட்ரிஜும் ஒரு பை புஷ்ஷும் சேர்த்து இறக்குங்க. ஊரில் சைக்கிள் திருத்துகிற ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு போஸ்ட்டைக் கழட்டிப் பூட்டக் காட்டுங்க. அவருக்கு அரை நாள் காணும். அதுவரைக்கும், உங்களிட்ட வாங்க வருகிற ஒவ்வொருத்தரும் முதல்ல "உள்காட்ரிஜ் இருக்கா அண்ணன்?" என்றுதான் கேட்பார்கள். கேட்கச் சொல்லி நாங்கள்தான் அனுப்புகிறோம்.