‘காரணம்: கஞ்சா’ என்று எழுதியது யார்?

ஊரில் எங்கே திருட்டு நடந்தாலும், அடிதடி நடந்தாலும், "காலனிப் பசங்க கஞ்சா அடிச்சிட்டுப் பண்றானுங்க" என்ற பேச்சைக் கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். போதை, குற்றம், சேரி மூன்றும் ஒன்று என்கிற இந்தப் பொதுப்புத்திக்கு ஒரு வரலாறு இருக்கிறது தோழர்களே.

கஞ்சா பற்றி விசாரிக்க 1893இல் பிரிட்டிஷ் அரசு ஓர் ஆணையம் அமைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சாட்சியம் வாங்கினார்கள். மனநோய்க் காப்பகங்களின் பதிவேடுகளில் பலருக்கு ‘காரணம்: கஞ்சா’ என்று இருந்தது. தோண்டிப் பார்த்தால், மருத்துவர் ஆராய்ந்து எழுதியதல்ல அது. ஆளைக் கொண்டுவந்து விட்ட போலீசின் தாளில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருந்தார்கள். கஞ்சாவுக்கும் குற்றங்களுக்குமான தொடர்பு மிகச் சிறியது என்றே ஆணையம் முடிவுக்கு வந்தது.

அமெரிக்காவில் 1986இல் வந்த சட்டம், 5 கிராம் கிராக் விற்றவருக்கும் 500 கிராம் கொக்கெய்ன் பவுடர் விற்றவருக்கும் ஒரே ஐந்தாண்டு கட்டாயச் சிறையைக் கொடுத்தது. இரண்டும் ஒரே சரக்குதான். கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 2010இல்தான் அந்த 100க்கு 1 என்ற விகிதத்தை 18க்கு 1 ஆகக் குறைத்தார்கள்.

இங்கே? 1985 போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாச் செடியின் பூவுக்குச் சிறை. அதே செடியின் இலையை அரைத்த பாங்குக்குச் சிறை இல்லை. வட மாநிலங்கள் சிலவற்றில் அரசு உரிமம் பெற்ற கடையிலேயே அது கிடைக்கிறது. பண்டிகையில் குடித்தால் பண்பாடு, தெருமுனையில் புகைத்தால் குற்றம்!

போதையை நாம் நியாயப்படுத்தவில்லை. அது அதிகம் உயிர் குடிப்பதே நம் தெருக்களில்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதை மறக்க முடியுமா? அதனால்தான் கேட்கிறோம்: நம் பிள்ளைகளுக்குத் தேவை சிகிச்சையா, லாக்கப்பா?

இதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் சிறிய அளவு வைத்திருந்து பிடிபட்டாலும், தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சட்டம் படிக்கும் தோழர்கள் இதை ஒவ்வொரு காலனிக்கும் கொண்டுபோக வேண்டும். சரக்கு எங்கிருந்து வந்தது, யார் இறக்கியது என்று காவல் நிலையத்தில் கேட்க வேண்டும்.

அடுத்த முறை ‘கஞ்சா இளைஞர்கள் கைது’ என்று செய்தி வந்தால், ‘காரணம்’ என்ற கட்டத்தை நிரப்பியது யார் என்று முதலில் பார்ப்போம்.